நடுச்சுவர்

எங்கள் வீட்டு நடுச்சுவருக்குச் சத்தத் தடுப்பு போட வேண்டும் என்று என் மனைவி சொன்ன அன்றே எனக்கு உறைத்துவிட்டது, இதில் ஏதோ இருக்கிறது என்று.

சும்மா சொல்லவில்லை. சத்தம் என் தொழில். இருபத்தாறு வருடமாகக் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிறவன் நான். சத்தம் புகாத கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வெளியே மெஷினிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுப்பேன். எந்தச் சுவர் எவ்வளவு சத்தத்தை விடும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சுவர் பெயருக்குத்தான் சுவர். நீளமான ஒரு ஹாலை முன்பு இருந்தவர்கள் இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். மெல்லிய தகரச் சட்டம், இரு பக்கமும் ஒவ்வொரு பலகை, நடுவில் வெறும் காற்று. விரலால் தட்டினால் டொக் என்னும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள், எங்கள் சுவருக்கு வாயும் இருந்தது. இந்தப் பக்கம் என் கட்டில், டிவி. அந்தப் பக்கம் என் மனைவியின் ஆபீஸ். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. காலை ஆறு மணிக்கே தலையில் ஹெட்செட் ஏறிவிடும்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் பார்த்தால் அவளுடைய தலையணையும் போர்வையும் அந்த அறைக்குப் போயிருந்தன. ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் போனாள் என்பதை மட்டும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். இந்தக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சந்தேகப் பிராணி என்று அவள் திட்டுவாள். நெருப்பில்லாமல் புகையாது என்பது என் கட்சி.

முன்பெல்லாம் அவள் போனில் பேசுவது எனக்கு வார்த்தை தவறாமல் கேட்கும். “கதவை அடிக்கடி திறக்கறீங்களா சார்? பின்னாடி காத்து போக இடம் விட்டிருக்கீங்களா?” கேட்டுக் கேட்டு எனக்கே பாதி ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தெரியும். அவளுக்குக் குரல் அப்படி. பிறந்த வீட்டில் அவளுக்கு ‘வெண்கலம்’ என்றே பட்டப்பெயர். ஆனால் சில மாதங்களாக அந்தப் பக்கமிருந்து வருவதெல்லாம் ஒரு முனகல்தான். ஒரு வார்த்தை பிடிபடுவதில்லை. வெண்கலம் எதற்குக் குசுகுசுவென்று பேச வேண்டும்? மறைக்க ஏதாவது இருப்பவர்கள்தான் குரலைத் தாழ்த்துவார்கள். ஏற்கெனவே குசுகுசுத்துப் பேசுகிறவள், அது போதாதென்று சுவரையும் அடைக்க வேண்டும் என்கிறாள்.

“உனக்கு என்ன சத்தம்? யார் போடற சத்தம்?” என்று கேட்டேன்.

அவள் டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “தெருச் சத்தம்” என்றாள்.

தெரு என் அறைப் பக்கம் இருக்கிறது. தெருச் சத்தம் வேண்டாமென்றால் என் ஜன்னலைத்தானே அடைக்க வேண்டும்? காதில் பூச்சுற்றுகிறாள், அதுவும் காது டெஸ்ட் எடுக்கிறவன் காதில். “உன் இஷ்டம்” என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வேலையைச் செய்ய வந்தவன் அவள் தம்பி. ஆபீஸ்களில் பலகைச் சுவரும் மேல்தளமும் போடுகிறவன். நல்ல பையன்தான், அக்கா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். அளவெடுக்க வந்த அன்று இருவரும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைகிறது, சத்தமில்லை. நான் உள்ளே போனதும் அந்த அசைவும் நின்றது.

“என்ன ரகசியம்?” என்றேன்.

“ரகசியம் என்ன அத்தான், அளவு பேசிட்டிருந்தோம்” என்றான் மச்சான். இதை மட்டும் சத்தமாக, என் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான். கொஞ்ச நாளாகவே என்னிடம் அப்படித்தான் பேசுகிறான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் டிக்கெட்டைப் பார்த்தேன். பேனா தேடி அவள் மேஜைக்குப் போனேன். ஒரு கவருக்கு அடியில் ரயில் டிக்கெட். எங்கள் மகள் இருக்கும் ஊருக்கு. பதினெட்டாம் தேதி. ஒரே ஒரு ஆள். திரும்பி வருவதற்கு டிக்கெட் இருக்கிறதா என்று கவரைத் திறந்தேன், இழுப்பறையைத் திறந்தேன், கைப்பையைக்கூடத் திறந்தேன். இல்லை. போக மட்டும்தான் போட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

பயந்துவிட்டேன். அதை ஒளிப்பதற்கில்லை. முதலில் தலையணை அந்த அறைக்குப் போனது. பிறகு பேச்சு ரகசியமானது. இப்போது ஆளே போகப் போகிறாள். அதுவரைக்கும் தம்பியோடும் மகளோடும் பேசித் திட்டம் போடத்தான் சுவர். இருபத்தெட்டு வருடம் ஒரு கூரைக்குக் கீழே இருந்தவள் என்னை விட்டுப் போகப் போகிறாள், என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவாள், கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்மை வரும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலும் அந்தச் சமயத்தில் எனக்கு நிம்மதி இல்லை. அங்கே என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி’. படிப்பு என்னைவிட அதிகம், வாய் என்னைவிடக் குறைவு. அவளும் முணுமுணுக்கிறவள்தான். தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் நாங்கள் ஹெட்ஃபோனை எங்கள் காதிலேயே மாட்டிக்கொண்டு, தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்ப்போம். மெஷின் சரியாக இருக்கிறதா என்று எங்கள் காதை வைத்துச் சோதிக்கும் வழக்கம் அது. சில மாதமாக எனக்குக் கீச்சொலிகள் வரவே இல்லை. ஹெட்ஃபோன் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். வேறொன்று வந்தது, அதிலும் வரவில்லை. அதையும் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். மெஷின்காரர் வந்து அளவுக் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டுமே நல்லா இருக்கு சார்” என்றார். சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். கீழே போட்டுக் கெடுத்தது இவள், பூசி மெழுகுவது அவர் என்று முடிவு கட்டினேன்.

அது மட்டுமல்ல. வார்த்தைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. நாங்கள் அனுப்பும் வார்த்தையை நோயாளி கூண்டுக்குள்ளிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் டிக், தப்பாகச் சொன்னால் பெருக்கல் குறி. நான் டெஸ்ட் எடுத்து முடித்தவர்களின் ஃபைலில் அதே டெஸ்டைக் கண்ணாடி மறுபடி எடுத்து, அவள் கையெழுத்தில் செருகியிருந்தாள். ஒன்றல்ல, பல ஃபைலில். என் நாற்காலி மேல் அவளுக்குக் கண் என்று நினைத்தேன். வீட்டிலும் குழி, வேலையிலும் குழி. எந்தப் பக்கம் காலை வைப்பது?

புதன்கிழமை மச்சான் சாமான்களோடு வந்தான். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுவரைத் தட்டிக் காட்டி விளக்கினான்.

“நடுவுல காலி அத்தான். மத்தளம் மாதிரி. அந்தப் பக்கம் பேசினா இந்தப் பக்கம் அடிக்கும். அக்கா ரூம் பக்கத்துப் பலகையைக் கழட்டிட்டு உள்ள பஞ்சு அடைக்கப் போறேன். மேல ரெண்டு அடுக்கு பலகை. விளிம்பு சுத்தி ரப்பர் பசை. கதவுக்கு அடியில ஒரு பட்டை. அப்புறம் இந்த ஸ்விட்ச் பாக்ஸ். உங்க பாக்ஸும் அக்கா பாக்ஸும் முதுகோட முதுகா ஒட்டி இருக்கு. ஒண்ண நகர்த்திடணும். ஊசி நுழையற ஓட்டை இருந்தாலும் சத்தம் வந்துடும்.”

“எப்ப முடியும்?”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பஞ்சும் பலகையும் முடிஞ்சிடும்.”

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனேன். “மச்சான், அந்த ஸ்விட்ச் பாக்ஸை மட்டும் தொடாத.”

“ஏன் அத்தான்?”

“வயர் பழசு. தொட்டா வம்பு.”

“அதை விட்டுட்டு மத்ததை அடைச்சா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின கதையாயிடும் அத்தான்.”

“நான் சொல்றேன்ல, விடு.”

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டிக்கொண்ட பார்வை என்று அப்போது எனக்குத் தோன்றியது. “சரி அத்தான்” என்று உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் உதவிக்கு இருக்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். “வேணாம், நீங்க வேலைக்குப் போங்க” என்று கையை ஆட்டினாள். அவளுக்கென்ன அவ்வளவு அவசரம்?

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தேன். நடையில் அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது, தூசி வெளியே வராமல் மேலே ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. திரைக்கு அடியில் நிழல் நடமாடியது. இருவரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஓசைப்படாமல் என் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். என் பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை, அதே மஞ்சள் பெயிண்ட், அதே நாள்காட்டி.

ஸ்விட்ச் பாக்ஸில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. மறு காதை வைத்தேன். ஏதோ ஒரு தடவை தொம் என்றது, சாமான் எதையோ கீழே வைத்திருப்பார்கள். பேச்சு இல்லை. பத்து நிமிடம் கழுத்து வலிக்கக் குனிந்து நின்றேன். பாவி, சொன்னதைக் கேட்காமல் பாக்ஸை நகர்த்திவிட்டான் போலிருக்கிறது.

பொறுமை போய்விட்டது எனக்கு. ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்பதையும் மறந்து, “யார் அங்க? மச்சான்!” என்று சுவரைத் தட்டினேன்.

கதவைத் திறந்து மச்சான் நடைக்கு வந்து எட்டிப் பார்த்தான். “எப்ப வந்தீங்க அத்தான்?”

“இப்பதான். சும்மா, வேலை எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன். நீ உள்ள போ. நீயும் அக்காவும் சாதாரணமா பேசுங்க. கத்தவும் வேணாம், குசுகுசுக்கவும் வேணாம். நான் இங்கேர்ந்து டெஸ்ட் பண்றேன்.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் கதவைச் சாத்திவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, கூண்டுக்குள் இருக்கும் நோயாளியிடம் நான் சொல்வதைப் போலவே மூச்சை அடக்கி, கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எறும்பு ஊர்ந்தால் கேட்கும் என்கிற அமைதி. தொழில்காரன் புத்தி போகாதே. கோபத்தையும் மீறி ஆச்சரியம் வந்தது.

“பிரமாதம்!” என்று கத்தினேன். “எங்க ஆஸ்பத்திரிக் கூண்டுகூட இப்படி இல்ல மச்சான்! ஒரு சொட்டு சத்தம் வரல. என்ன பஞ்சு இது?”

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் என் அறைக்குள் வந்தான். முடியெல்லாம் வெள்ளைத் தூசி. என் முகத்துக்கு நேரே நின்றான்.

“அத்தான், பஞ்சு இன்னும் வரவே இல்ல.”

“என்ன?”

“லாரி சாயங்காலம்தான் வருது. அக்கா ரூம் பக்கத்துப் பலகையை நேத்தே கழட்டிட்டேன். சுவருன்னு இப்ப இருக்கறது உங்க பக்கத்துப் பலகை ஒண்ணுதான். அக்கா பாக்ஸும் எடுத்தாச்சு, உங்க பாக்ஸைச் சுத்தி இடுக்கு அப்படியே இருக்கு.”

நான் அவனைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அவன் சொன்னது நிஜம். தகரச் சட்டங்கள் எலும்பு மாதிரி நின்றன. அவற்றுக்குப் பின்னால் என் அறைப் பலகையின் முதுகு தெரிந்தது, பென்சிலில் கிறுக்கிய அளவுகளோடு. என் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸின் இடுக்கு வழியே என் அறை வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க பேசவே இல்ல” என்றேன். “ரெண்டு பேரும் வாயை மூடிட்டு உக்காந்துட்டு என்னை முட்டாளாக்கறீங்க.”

“பேசினோம்” என்றாள்.

“பொய். மறுபடி பேசு. மச்சான், நீ என்கூட வா. அவ பேசறது உனக்குக் கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லு.”

வார்த்தைப் பரிசோதனை. இருபத்தாறு வருடமாக ஊராருக்கு வைத்ததை என் வீட்டுச் சுவருக்கு வைத்தேன். மச்சானை என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நான் சுவரைப் பார்த்து நின்றேன். என் காதில் ஒரு முனகல் வந்தது, தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ பேசுவது போல.

மச்சான் சொல்லத் தொடங்கினான். “வணக்கம், உங்க புகார் எண் சொல்லுங்க.”

“அது அவ தினமும் சொல்றது. உனக்கு மனப்பாடமா இருக்கும். வேற ஏதாவது சொல்லச் சொல்லு.”

“அக்கா, வேற ஏதாவது சொல்லு” என்று அவன் குரலை உயர்த்தாமலேயே சொன்னான். அது அவளுக்குக் கேட்டிருக்கிறது. மறுபடி முனகல்.

மச்சான் திருப்பிச் சொன்னான். “ஏங்க, உங்க டிவி சத்தம் என் போன்ல கேக்குதுன்னு ஆபீஸ்ல ரெண்டு தடவை வார்னிங் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வந்தா வேலை போயிடும்.” நிறுத்தினான். முனகல் தொடர்ந்தது. அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பதினெட்டாம் தேதி ஊருக்குப் போறேன், பொண்ணு வீடு மாத்துறா, ஒத்தாசைக்கு வரச் சொல்றான்னு சாப்பிடும்போது உங்ககிட்ட சொன்னேன். சரின்னு தலையாட்டினீங்க. திரும்பி வர டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்னு கேட்டேன். நல்லா இருக்குன்னீங்க. குழம்பைச் சொல்றீங்கன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. அத்தான், போதும் அத்தான். என்னால முடியல.”

அவன் வெளியே போய்விட்டான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எதிரே டிவி இருந்தது. எழுந்து போய் அதைப் போட்டேன், திரையின் ஓரத்தில் சத்தத்தின் எண் தெரியும். எழுபத்தெட்டு. எங்கள் வீட்டில் டிவி வாங்கிய புதிதில் இருபதைத் தாண்டினால் நான்தான் சண்டை போடுவேன். அணைத்துவிட்டேன்.

நோயாளிகளின் வீட்டாரிடம் நான் தினமும் சொல்கிற ஒன்று உண்டு. ‘முதல்ல அவருக்குக் காது கேக்கலன்னு அவருக்கே தெரியாதும்மா. நீங்கல்லாம் முணுமுணுக்கறீங்கன்னு சொல்லுவார். நம்மை மறைச்சு ஏதோ பேசறாங்கன்னு சந்தேகப்படுவார். கேக்காததுக்கெல்லாம் சும்மா தலையாட்டுவார்.’ எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம். ஹெட்ஃபோன் இரண்டையும் குற்றவாளி ஆக்கினேனே தவிர, அதற்குள் மாட்டியிருந்த காது மேல் எனக்கு ஒரு நிமிடம்கூட சந்தேகம் வரவில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

மனைவி வந்து கதவருகில் நின்றாள். வெட்கத்தில் என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, உங்க காது சரியில்லன்னு” என்றேன்.

அவள் உள்ளே வந்து என் எதிரில் நின்று, மச்சானைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “சொன்னேன். போன மாசம். ‘யார்கிட்ட வந்து யார் காதைப் பத்திப் பேசற’ன்னு தட்டை நகர்த்திட்டு எழுந்து போனீங்க. ரெண்டு நாள் என்கூடப் பேசல. காது பாக்கறவர்கிட்ட அதுக்கு மேல யாரு சொல்றது? உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு வேற பயம். உங்ககிட்ட சண்டை போடறதைவிடச் சுவரை அடைக்கறது லேசுன்னு தோணுச்சு.”

லாரி சாயங்காலம் வந்தது. நானே போய்ப் பஞ்சுக் கட்டுகளைத் தூக்கி வந்து கொடுத்தேன். “எல்லா ஓட்டையும் அடைச்சிடு மச்சான்” என்றேன். அவன் வாங்கி உள்ளே அடுக்கினான்.

மறுநாள் காலை முதல் நோயாளி வருவதற்கு முன்னால் கண்ணாடியிடம் போனேன். “எனக்கு ஒரு டெஸ்ட் எடும்மா.” அவள் ஏன் என்று கேட்கவில்லை. கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவ்வளவு நாளாக அவள் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

நோயாளி நாற்காலி இத்தனை தாழ்வு என்று எனக்குத் தெரியாது. ஹெட்ஃபோன், கையில் பொத்தான். முதலில் தாழ்ந்த ஒலிகள், அவை வந்தன. பிறகு மேலே போகப் போக வெறும் மௌனம். எனக்கோ அவள் வேலை செய்யும் தாளம் தெரியும். எத்தனை நொடிக்கு ஒரு தடவை ஒலி அனுப்புவாள் என்று கணக்குப் போட்டு, கேட்காமலே பொத்தானை அமுக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று. திருட்டுப் புத்தி கூண்டுக்குள்ளும் கூடவே வந்திருந்தது.

அவள் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். “சார், அந்த மூணு தடவையும் நான் எதுவும் அனுப்பல.”

சந்தேகம் வந்தால் நானும் அப்படித்தான் கண்டுபிடிப்பேன். “மன்னிச்சுக்கோம்மா, மறுபடி எடு” என்றேன். இந்த முறை கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன். நெடுநேரம் விரல் சும்மாவே இருந்தது.

முடித்து வெளியே வந்ததும் ஃபைல்களைப் பற்றிக் கேட்டேன். அவள் நேராகவே சொன்னாள். “நோயாளி சரியா சொன்ன வார்த்தைக்கு நீங்க பெருக்கல் போட்டிருந்தீங்க சார். பதினோரு பேரைத் திரும்பக் கூப்பிட்டு எடுத்தேன். யாருக்கும் கெடுதல் ஆகல.” எனக்கு உடம்பு கூசியது. இவளைத்தான் என் நாற்காலிக்கு அலைகிறவள் என்று நினைத்திருந்தேன். இனி வார்த்தைப் பரிசோதனையை அவளே எடுக்கட்டும் என்றேன். பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என்ன முடிவு செய்வாரோ, அது அவர் பாடு.

டெஸ்ட் முடிவை நோயாளியிடம் தனியாகச் சொல்வதில்லை என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. காது கேட்காதவருக்குச் சொன்னதில் பாதி போய்ச் சேராது, அதனால் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மனைவியை வரச் சொன்னேன். லீவு சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடி காகிதத்தை மேஜையில் விரித்து அவளுக்குக் காட்டினாள். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் மாடிப்படி மாதிரி இறங்கியிருந்தது.

“இது எப்பலேர்ந்து இருக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“திடீர்னு வந்தது இல்ல. மூணு நாலு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கும். கருவி வெச்சா நல்லா சமாளிக்கலாம்.”

இருவரும் குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குள் பழைய குறுகுறுப்பு எழுந்தது, பிறகு தானே அடங்கியது. என் தலை தானாக ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை, தலை மட்டும் சரி சரி என்று ஆடுகிறது. மூன்று நாலு வருடம் இப்படி ஆடியிருக்கிறது. எதற்கெல்லாம் ஆடியதோ.

மனைவியின் கையைத் தொட்டேன். “நான் எதுக்கெல்லாம் தலையாட்டினேன்? உனக்கு ஞாபகம் இருக்கறது எல்லாத்தையும் சொல்லு. ஒவ்வொண்ணா.”

கண்ணாடி காகிதத்தை எங்களிடம் விட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். மனைவி நாற்காலியை இழுத்து, என் முழங்காலில் அவள் முழங்கால் படுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. உதடுகள் நன்றாகத் தெரிந்தன.

“மொதல்ல ஒண்ணு கேட்டேன்” என்றாள். “நான் இனிமே அந்த ரூம்லயே படுத்துக்கட்டுமான்னு. நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டேன்.”